பொட்டு வைக்கும் இடத்தில் ஓர் ஊசி

வைகாசியில் தன் மகளின் கல்யாணம் என்றிருக்க, மூன்று வாரத்துக்கு முன் என் மச்சாள் இரு புருவங்களுக்கும் நடுவே விழும் கோடுகளுக்கு போட்டொக்ஸ் ஊசி போட்டுக்கொண்டு, நேரே கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு துண்டுப்பிரசுரம். வேர்க்க வைக்கும் சோனா அறைக்குப் போகாதீர்கள், மது அருந்தாதீர்கள், தலைகீழாக யோகாசனம் செய்யாதீர்கள் என்று அதில் அழகாக அச்சிட்டிருந்தார்கள். அவளுக்கு இவற்றில் எதுவும் பழக்கமில்லை. அவளுடைய கேள்வி வேறு: "மாலையில் கதிரேசன் கோயிலுக்குப் போக வேண்டும். திருநீறு பூசலாமா? பொட்டு வைக்கலாமா?"

குளிர் நாட்டில் எழுதி எங்கள் கையில் திணிக்கப்படும் பிரசுரங்களில் இதற்குப் பதில் இருக்காது. ஆனால் பதிலைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. ஊசிக்குள் இருப்பது என்ன, தோலுக்குக் கீழே போய் அது என்ன செய்கிறது என்று தெரிந்தால் போதும்.

அழகுக்காகப் போடும் ஊசிகள் எல்லாவற்றையும் "போட்டொக்ஸ்" என்று அழைப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. உண்மையில் அவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று நரம்பை அடக்கும் நச்சுப் புரதம். மற்றது ஃபில்லர், அதாவது பள்ளத்தை நிரப்பும் களி. இரண்டுக்கும் பின்கவனிப்பு வேறு வேறு.

முதலில் நச்சு. 1820களில் ஜேர்மனியின் வுர்ட்டெம்பேர்க் பகுதியில் கெட்டுப்போன இறைச்சிக் குழல்களைத் தின்று பலர் கைகால் சோர்ந்து இறந்தார்கள். யுஸ்டினுஸ் கேர்னர் என்ற வைத்தியர் அதை ஆராய்ந்து, அந்த நச்சைத் தன் உடலிலேயே சோதித்தும் பார்த்தார். இலத்தீனில் 'பொட்டுலுஸ்' என்றால் இறைச்சிக் குழல். 'பொட்டுலினம்' என்ற பெயர் அதிலிருந்து வந்தது. அந்த நச்சைச் சுரக்கும் பற்றீரியாவை 1895இல் பெல்ஜியத்தில் எமில் வான் எர்மெங்கெம் பிரித்தெடுத்தார். 1987இல் கனடாவின் வான்கூவரில், கண் இமைத் துடிப்புக்காக இந்த ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், இம்முறை நெற்றியில் ஏன் போடவில்லை, அங்கே போட்டால் முகம் கவலையில்லாமல் தெரிகிறதே என்று குறைப்பட்டார். அதைக் கேட்ட ஜீன் கரதர்ஸ், அலஸ்டயர் கரதர்ஸ் என்ற வைத்தியத் தம்பதியர் 1992இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன்றைய சந்தை முழுவதும் அந்தக் குறையிலிருந்து முளைத்தது.

நரம்பின் நுனியில் அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் சின்னஞ்சிறு பைகளில் அடைபட்டுக் கிடக்கிறது. மூளையிலிருந்து கட்டளை வந்ததும் பை நரம்பின் சுவரோடு ஒட்டி உடைந்து இரசாயனத்தைக் கொட்டும், தசை சுருங்கும். பையைச் சுவரோடு கட்டும் கயிறுகளில் ஒன்று ஸ்னாப்-25 என்ற புரதம். நச்சு கத்தரிக்கோலைப் போல அந்தக் கயிற்றை வெட்டிவிடுகிறது. கட்டளை வருகிறது, பை நகரவில்லை, தசை சும்மா கிடக்கிறது. 100 அலகுப் புட்டி ஒன்றில் இருப்பது ஏறத்தாழ 5 நனோகிராம் புரதம்தான்; புருவ நடுக்கோட்டுக்கு வழக்கமாக அதில் 20 அலகை ஐந்து புள்ளிகளில் பிரித்துப் போடுகிறார்கள். விளைவு தெரிய இரண்டு மூன்று நாளாகும், முழுமையாக இரண்டு வாரம்.

இப்போது திருநீற்றுக்கு வருவோம். ஊசி போட்ட முதல் சில மணி நேரத்தில் மருந்து இன்னும் நரம்பு நுனிகளைத் தேடிப் பற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் நெற்றியை அழுத்தித் தேய்த்தால், அது கீழிறங்கிக் கண்மடலைத் தூக்கும் தசையை எட்டலாம். எட்டினால் ஒரு பக்க இமை சில வாரங்களுக்குத் தொங்கும். இது அரிது. நாலு மணி நேரம் நிமிர்ந்து இருங்கள், படுக்காதீர்கள் என்ற அறிவுரைக்குப் பின்னால் பெரிய சான்றுகள் ஒன்றும் இல்லை. ஆனால் கடைப்பிடிப்பதில் நட்டமுமில்லை. அன்று முழுவதும் தேய்க்காமல் இருப்பதே முக்கியம். திருநீற்றை மூன்று விரலால் இழுக்காமல் மெல்லத் தொட்டு வைக்கலாம் என்றுகூடச் சொல்ல மாட்டேன்: ஊசி துளைத்த புள்ளிகள் மூடும்வரை, அதாவது மறுநாள்வரை, தூளோ பசையோ அங்கே படாமல் இருப்பது நல்லது. கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திருநீற்றைக் கழுத்தில் பூசிக்கொண்டு வரலாம். மச்சாள் அப்படியே செய்தாள்.

பிரசுரம் எழுதியவர்களுக்குத் தெரியாத வேறு சில தேய்ப்புகளும் எங்களிடம் உண்டு. தலையில் எண்ணெய் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்து முழுகுவது, சலூனில் ஃபேஷியல் என்று முகத்தைப் பிசைவது, நெற்றியை இறுக்கும் மோட்டார் சைக்கிள் தலைக்கவசம். எண்ணெய் முழுக்கையும் ஃபேஷியலையும் ஒரு வாரத்துக்குத் தள்ளிப் போடுங்கள். சோனா எங்களுக்கு இல்லை, ஆனால் தடிமனுக்கு ஆவி பிடிக்கிறோம், இடியப்பம் அவிக்கும் பானைமேல் குனிகிறோம். சூடு பட்டால் குருதிக் குழாய்கள் விரியும், வீக்கம் கூடும். முதல் ஓரிரு நாளைக்கு அடுப்படியை வேறொருவரிடம் விடுவதற்கு இதைவிட நல்ல சாட்டு கிடைக்காது.

ஃபில்லரின் கதை வேறு. பெரும்பாலானவற்றில் இருப்பது ஹையலூரோனிக் அமிலம். 1934இல் கார்ல் மேயரும் ஜோன் பாமரும் மாட்டின் கண்ணுக்குள் இருந்து கண்டெடுத்த பொருள் அது. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 15 கிராம் இயல்பாகவே இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கை உடல் ஒவ்வொரு நாளும் உடைத்துப் புதிதாகச் செய்கிறது. அதனால் வெறும் அமிலத்தை ஊசியில் ஏற்றினால் சில நாளில் காணாமல் போகும். அதன் இழைகளை இரசாயனப் பாலங்களால் ஒன்றோடொன்று பின்னிக் களியாக்குவதால்தான் அது மாதக்கணக்கில் நிற்கிறது.

இந்தக் களி நீரை விரும்பும். ஊசி குத்திய காயத்தின் வீக்கத்தோடு களி இழுத்த நீரும் சேர்ந்து, இரண்டாம் நாள் கண்ணாடியில் பார்ப்பவருக்கு அழுகையே வரலாம். உதடென்றால் கேட்கவே வேண்டாம். இரண்டு வாரம் வரை தீர்ப்பு எழுதக் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை ஐந்து பத்து நிமிடம் வைத்து எடுத்தால் குழாய்கள் சுருங்கும். தலையணையை உயர்த்திப் படுத்தால் நீர் வடியும். நோவுக்குப் பனடோல் போதும். அஸ்பிரின் குருதி உறைவதைத் தடுத்துக் கன்றலைக் கூட்டும். ஆனால் இதயத்துக்கென்று வைத்தியர் தந்த அஸ்பிரினை முகத்துக்காக நிறுத்திவிடாதீர்கள். தடவிப் பார்த்துக் கட்டி தட்டுப்பட்டால், வைத்தியர் சொன்னாலன்றி, அதை நீங்களே பிசையவும் வேண்டாம்.

கன்றல்தான் எங்கள் தோலில் நெடுங்கதை. தோலுக்கடியில் கசிந்த குருதியை விழுங்கு கலங்கள் வந்து தின்னும்போது, ஈமோகுளோபினின் ஈம் பகுதியை ஒரு நொதியம் உடைக்கிறது. முதலில் பச்சை நிறப் பிலிவேர்டின். பிறகு மஞ்சள் நிறப் பிலிரூபின், செங்கண்மாரியில் கண்ணை மஞ்சளாக்கும் அதே பொருள். கடைசியில் இரும்பு மட்டும் பழுப்புத் துருவாக மிஞ்சும். வெள்ளைத் தோலில் இந்த நிறங்கள் வரிசையாகத் தெரியும். எங்கள் தோலில் பச்சையும் மஞ்சளும் மறைந்துபோய், கருமையும் பழுப்புமே வெளியே தெரிகின்றன.

அதோடு முடிவதில்லை. குத்திய இடத்தில் எழும் அழற்சி, மெலனின் செய்யும் கலங்களை உசுப்பிவிடுகிறது. அவை கூடுதலாக நிறம் செய்து அண்டைக் கலங்களுக்கு அனுப்புகின்றன. மேற்தோலில் தங்கிய நிறம் சில மாதங்களில் தோலோடு உதிர்ந்துவிடும். அடித்தோலுக்குள் இறங்கிய நிறம் சாம்பல் நீலமாக ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம். சுருக்கம் போனது, கறுப்புப் புள்ளி வந்தது என்ற கதை எங்களைப் போன்ற கறுத்த தோலில்தான் அதிகம். இந்தத் தீயில் எண்ணெய் வார்ப்பது வெயில்.

கொழும்பு பூமத்தியகோட்டுக்கு வடக்கே 7 பாகைக்குள் இருக்கிறது. ஏப்ரல் 5க்கும் 15க்கும் இடையில் சூரியன் இலங்கையின் நேர் உச்சியில் நிற்கும். ஓகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் மறுபடி வரும். அந்த நாட்களில் நண்பகலில், வெயிலின் புற ஊதாக் கதிர் அளவைச் சொல்லும் கழியூதாச் சுட்டெண் 11ஐத் தாண்டுவது வழக்கம். மேகம் மூடியிருந்தாலும் கணிசமான பங்கு கீழே இறங்கும். அதைவிட முக்கியமான ஒன்று: கறுத்த தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும், குறிப்பாக நீல ஒளி, மெலனினைத் தூண்டுகிறது. சாதாரண சன்ஸ்கிரீன் கழியூதாவைத்தான் தடுக்கும், நீல ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். இரும்பு ஒட்சைட்டு கலந்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் அதையும் தடுக்கும். முகத்தில் சாம்பல் பூசியது போலவும் தெரியாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் அளவு சரி. வியர்வை வழியும் காலி வீதியில் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை மறுபடி பூச வேண்டும். துளைகள் மூடாத முதல் நாளில் பூச்சே வேண்டாம்; குடை பிடியுங்கள். கறுத்த புள்ளியைப் போக்கவென்று பெயர் தெரியாத வெளுப்புக் கிரீம் எதையும் தொடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கும்.

பொட்டு வைக்கும் இடத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அங்கே ஓடும் சிறு நாடிகள் கண்ணுக்குக் குருதி கொண்டுபோகும் நாடியின் கிளைகள். ஃபில்லர் தவறுதலாக அவற்றுள் புகுந்தால், ஊசியின் அழுத்தத்தில் பின்னோக்கிப் போய், பிறகு விழித்திரையின் நாடிக்குள் தள்ளப்பட்டு அடைத்துவிடலாம். ஒட்சிசன் இல்லாமல் விழித்திரை ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. அதனால்தான் புருவ நடுவில் ஃபில்லர் போட அனுபவமுள்ள பலர் மறுக்கிறார்கள். முகத்தில் எங்கே போட்டாலும், தோல் திடீரென வெளிறினால், வலை விரித்தது போல் ஊதா நிறம் படர்ந்தால், நோவு அளவுக்கு மீறிக் கூடினால், பார்வை மங்கினால், ஐஸ் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். ஊசி போட்டவரை உடனே அழையுங்கள். பார்வை என்றால் 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்து நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். ஹையலூரோனிக் களியைக் கரைக்கும் ஹையலூரோனிடேஸ் என்ற நொதியம் இருக்கிறது, ஆனால் அது அந்த வகைக் களியை மட்டுமே கரைக்கும். போட்ட மருந்தின் பெட்டியிலுள்ள லேபிளைத் தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருப்பது இதற்காகத்தான்.

மகளின் கல்யாணப் படங்களில் மச்சாளின் நெற்றி பளிங்காக இருக்கிறது, குங்குமப் பொட்டு நேராக இருக்கிறது. ஆனால் கயிறு வெட்டுப்பட்ட நரம்பு நுனி சும்மா இருப்பதில்லை. அது பக்கத்தில் புதுத் தளிர்கள் விட்டுத் தசையைத் தேடிப் பிடிக்கும். பழைய நுனி மெல்லத் தேறியதும் அந்தத் தளிர்கள் வாடிவிடும். இதற்கு மூன்று நான்கு மாதங்கள் ஆகும். ஆடிவேல் தேர் காலி வீதியில் வந்த நாளில், கூட்டத்தில் யாரோ காலை மிதித்ததற்கு அவள் புருவத்தை நெரித்துப் பார்த்தாள். பழைய இரண்டு கோடுகளும் மெல்லியதாகத் திரும்பி வந்திருந்தன.