மாடப்புறா: சொல் விளக்கம்

இலங்கையில் திருகோணமலைக்கு அருகே, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்தில், கடலுக்குள் இருக்கிறது புறாமலைத் தீவு. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. பவளப்பாறை பார்க்கத்தான் பெரும்பாலும் படகு ஏறுகிறார்கள். தீவுக்குப் பெயர் கொடுத்த பறவையை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு.

அந்தப் பறவையை இப்போது சிலர் ‘பாறைப்புறா’ என்று எழுதுகிறார்கள். ‘ராக் பிஜியன்’ என்ற ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது அது. இந்தப் பெயர்ப்பு தேவையே இல்லை. மாடப்புறா என்ற நல்ல தமிழ்ப் பெயர் இருக்கிறது. புதுப்பெயர் ஒரு குழப்பத்தையும் கொண்டுவருகிறது: தீவில் இருப்பது ஓர் இனம், திருகோணமலை நகரத்துக் கூரைகளில் இருப்பது வேறோர் இனம் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். இரண்டும் ஒரே இனம். நகரத்தில் இருப்பவை, மனிதர் வளர்த்த புறாக்களின் வழிவந்தவை.

மாடம் என்றால் அடுக்கு வீடு. சுவரில் விளக்கு வைக்கும் குழிவும் மாடம்தான். கோபுரங்களிலும் கட்டடப் பொந்துகளிலும் அடைவதால் மாடப்புறா. இதன் இயல்பான வீடு செங்குத்துப் பாறையின் இடுக்கு. கட்டடங்களை அது அப்படிப்பட்ட பாறையாகவே பாவிக்கிறது.

புறாவின் பழைய வடிவம் புறவு. நெடுநல்வாடையில் ‘மனையுறை புறவின் செங்கால் சேவல்’ என்று வருகிறது. வாழிடமும் கால் நிறமும் அந்த ஒரே வரியில் இருக்கின்றன. பட்டினப்பாலையில் வரும் ‘தூதுணம் புறவு’ எனக்கு இன்னும் பிடித்தது. இங்கே தூது என்றால் செய்தி இல்லை, சிறுகல். கல்லைப் பொறுக்கி உண்ணும் புறா என்று பொருள். பல் இல்லாத பறவை விழுங்கிய தானியத்தை வயிற்றுக்குள் அரைக்க அந்தக் கற்கள் உதவுகின்றன. எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்!

சரி, அடையாளம் காண்பது எப்படி? உடல் நீலச் சாம்பல். கழுத்தில் பச்சையும் ஊதாவுமாக ஒரு மினுக்கம். மடித்த இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டைகள், வால் நுனியில் ஒரு கறுப்புப் பட்டை, கால்கள் சிவப்பு. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரி. எழும்பும்போது இறக்கைகள் படபடவென்று அடிக்கும். அப்புறம் நேராக, வேகமாகப் பறக்கும். தண்ணீர் குடிக்கும்போது கோழியைப் போல தலையைத் தூக்காது. அலகை அமிழ்த்தி உறிஞ்சும். இது புறாக் குடும்பத்துக்குப் பொதுவான பழக்கம் என்பதால், இதை மட்டும் வைத்து இனத்தைச் சொல்ல முடியாது.

வீட்டு வளவில் இரை பொறுக்கும் புள்ளிப்புறா இதைவிடச் சிறியது, பழுப்பு நிறம், பின்கழுத்தில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். பச்சைப்புறாக்கள் பழமரங்களை விட்டு அதிகம் இறங்காது.

ஒரு கூட்டத்தில் வெள்ளை, செம்பழுப்பு, கருமை என்று பல நிறங்கள் கலந்திருந்தால் அது வளர்ப்புக் கலப்பு. மேலே சொன்ன சாம்பல் நிறமே கூட்டம் முழுக்க இருந்து, பாறை இடுக்கில் கூடும் கட்டியிருந்தால் காட்டுவகையாக இருக்க வாய்ப்பு அதிகம். வேறுபடுத்தி எழுத வேண்டிய இடத்தில் ‘காட்டு மாடப்புறா’, ‘ஊர் மாடப்புறா’ என்று எழுதினால் போதும்.