தரையில் நின்ற பிறகே இறுக்க வேண்டிய போல்ட்டுகள்

ஒரு பழைய காரை ஆணி வேறு அக்கு வேறாகப் பிரித்து, துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்து, பெயின்டும் அடித்து முடித்தாயிற்று. "இனி பூட்ட வேண்டியதுதானே பாக்கி" என்பார்கள். அந்தப் பாக்கி வேலையில்தான் கார் எப்படி ஓடப்போகிறது என்பது முடிவாகிறது என்பேன் நான்.

எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே அபிங்டன் என்ற சிற்றூரில் 1962 முதல் 1980 வரை தயாரானது. எல்லா வகைகளும் சேர்த்து 5 லட்சத்துக்கு மேல் விற்ற கார். நான்கு சிலிண்டர், 1,798 சிசி. இதற்கென்று தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தகடுகளைப் பெட்டி பெட்டியாக மடித்துப் பற்றவைத்த உடல்கூடே முழுப் பாரத்தையும் தாங்குகிறது. இத்தனை எண்ணிக்கையில் வந்ததால் உதிரி பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. 1988-இல் பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்து முழு உடல்கூட்டையே புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்தார்கள்.

பூட்டுவதில் முதல் பாடம் வரிசை. முன் கண்ணாடிச் சட்டத்தின் கால்களைப் பிடிக்கும் போல்ட்டுகள் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. அவசரப்பட்டு டேஷ்போர்டை முதலில் மாட்டிவிட்டால் ஸ்பேனர் உள்ளே நுழையாது. மறுபடி கழற்ற வேண்டியதுதான். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வெளியிலேயே ஒன்றாகப் பூட்டி, சங்கிலியில் சாய்வாகத் தொங்கவிட்டு மேலிருந்து இறக்குவது சுலபம். இதெல்லாம் ஒருமுறை செய்து பார்த்தால் கைக்கு வந்துவிடும்.

கைக்கு எளிதில் வராதது ரப்பர் புஷ், அதாவது போல்ட் நுழையும் ரப்பர் வளையம். சக்கரத்தைத் தாங்கும் கைகளும் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகளும் உடல்கூட்டோடு சேரும் இடங்களில் இந்த புஷ்கள் இருக்கின்றன. பார்த்தால், போல்ட்டைச் சுற்றி ரப்பர் வழுக்கிச் சுழலும் என்றுதான் தோன்றும். நடப்பது வேறு. போல்ட்டை இறுக்கியதும் புஷ்ஷின் உள்பக்கம் உடல்கூட்டோடு அசையாமல் பிடித்துக்கொள்கிறது, வெளிப்பக்கம் கையோடு சேர்ந்து திரும்புகிறது. இரண்டுக்கும் நடுவில் ரப்பர் முறுக்கிக்கொடுக்கிறது, ஈரத் துணியைப் பிழிவது போல. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் ஒரு பக்கம் முறுக்கு, மேட்டில் ஏறினால் மறுபக்கம். இறுக்கிய நேரத்தில் எந்த நிலையில் இருந்ததோ, அதுதான் அந்த ரப்பருக்கு ஓய்வு நிலை.

இப்போது காரை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, சக்கரம் தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் இறுக்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தொங்கும் நிலையே ரப்பருக்கு ஓய்வு நிலையாகிவிடும். காரைத் தரையில் இறக்கிய கணமே ஒவ்வொரு புஷ்ஷும் முறுக்கிக்கொள்ளும். நின்றாலும் முறுக்குத்தான், ஓடினாலும் முறுக்குத்தான். கார் தன் உயரத்தைவிடத் தூக்கிக்கொண்டு நிற்கும், குலுங்கும், ரப்பர் சீக்கிரமே கிழியும். வாங்கிய ஸ்பிரிங் சரியில்லை என்று பழி போடுவார்கள். ஆகவே தொங்கும்போது நட்டுகளைக் கைமுறுக்கில் மட்டும் விட்டுவைத்து, எஞ்சின், பேட்டரி, சீட்டு எல்லாம் ஏறி, கார் தன் கால்களில் நின்று இரண்டு குலுக்கல் குலுக்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. கதவு இடைவெளிக்கும் இதே விதி. கூரை இல்லாத காரில் உடல்கூட்டின் விறைப்பு பெரும்பாலும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பட்டைகளை நம்பி இருக்கிறது. முழு எடை ஏறாமல் கதவின் பொருத்தம் பார்ப்பதில் பயனில்லை.

அடுத்து மின்சாரம். இந்த வயரிங்கில் நிறமே ஒரு மொழி: பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை சாவி போட்டால் உயிர் பெறுவது, பச்சை அதே மின்சாரம் ஃபியூஸைத் தாண்டி வருவது, கருப்பு எர்த், அதாவது மின்சாரம் திரும்பும் வழி. புதுப்பித்த காரில் பெரிய எதிரி, வேடிக்கையாக, அந்த அழகான புது பெயின்ட். திரும்பும் மின்சாரத்துக்கு உடல்தகடுதான் பாதை. எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்டைச் சுரண்டாமல் விட்டு வெறும் 0.4 ஓம் தடை ஏற்பட்டாலும், 60 வாட் ஹெட்லைட்டுக்கு ஏறக்குறைய 2 வோல்ட் குறைந்துபோகும். வெளிச்சம் பாதியை ஒட்டி விழும். 1967 வரை வந்த எம்ஜிபிக்களில் உடல்தகடு பேட்டரியின் பாசிட்டிவோடு சேர்ந்திருந்தது, அதற்குப் பிறகு நெகட்டிவோடு. எந்த ஆண்டு கார் என்று பார்க்காமல் பேட்டரியை மாட்டக் கூடாது.

இன்னொன்று. எஞ்சின் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருப்பதால் உடல்தகட்டோடு அதற்கு மின்தொடர்பு இல்லை. தடித்த பின்னல் பட்டை ஒன்றுதான் இணைப்பு. அதை மாட்ட மறந்து சாவியைத் திருகினால், ஸ்டார்ட்டர் மோட்டார் கேட்கும் நூறு ஆம்பியருக்கும் மேலான மின்சாரம் வேறு வழி தேடும். அகப்படுவது டேஷ்போர்டிலிருந்து எஞ்சினுக்கு ஓடும் மெல்லிய சோக் கேபிள். கேபிள் சூடேறிப் புகையும். டேஷ்போர்டு பக்கம் புகை வருவதைப் பார்த்து வயரிங்கைச் சந்தேகிப்பவர்கள் காருக்கு அடியில் அந்தப் பட்டையைத் தேட வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை ஸ்டார்ட்டரில் சுற்ற வேண்டும். எஞ்சின் பிடித்ததும் ஐடிலில் (மெதுவான ஓட்டத்தில்) விடாமல் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் குறையாமல் சுமார் 20 நிமிடம் ஓட்ட வேண்டும். வால்வுகளைத் திறக்கும் புது கேம்ஷாஃப்ட்டுக்கும் அது தள்ளும் டாப்பெட்டுக்கும் இடையில் பெரும் அழுத்தம், அங்கே போய்ச் சேரும் ஆயிலோ தெறிக்கும் ஆயில். மெதுவாகச் சுற்றினால் தெறிப்பது போதாது. இரண்டும் ஒன்றுக்கொன்று பழகும் முன்பே தேய்ந்துவிடும்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான், காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் இரண்டு கார்புரேட்டர்களையும் தொட வேண்டும். எனக்கு இந்தக் காரிலேயே மிகவும் பிடித்த பாகம் இது. 1905-இல் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் காப்புரிமை பெற்ற எஸ்யூ (ஸ்கின்னர்-யூனியன்) கார்புரேட்டர். அவர் காலணி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். முதல் வடிவத்தில் தோலால் செய்த துருத்தி இருந்தது. பிற்பாடு அந்த இடத்தை உலோகப் பிஸ்டன் பிடித்தது. எஞ்சின் காற்றை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவு உயரத்துக்கு அந்தப் பிஸ்டன் தானே எழுந்து வழிவிடும். காற்றின் வேகம் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். பிஸ்டனின் அடியில் ஒரு ஊசி, நுனி நோக்கிச் சன்னமாகிக்கொண்டே போகும். பிஸ்டன் எழும்போது ஊசியும் எழ, பெட்ரோல் துளையில் இடைவெளி விரியும். காற்றுக்கேற்ற பெட்ரோல், கணக்குப் போட ஆளில்லாமலே.

இரண்டு கார்புரேட்டர்களும் சமமாகக் காற்றை இழுக்கின்றனவா என்று பார்க்க ஒரு ரப்பர் குழாய் போதும். ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டர் வாயில். 'உஸ்' என்ற ஓசை இரண்டிலும் ஒரே அளவு வரும்வரை ஸ்குரூவைத் திருக வேண்டும். பிறகு பெட்ரோல் அளவு. கார்புரேட்டரின் பக்கத்தில் உள்ள சிறு குச்சியை விரலால் அழுத்திப் பிஸ்டனை 0.8 மில்லிமீட்டர் தூக்குங்கள். எஞ்சின் வேகம் ஏறி அங்கேயே நின்றால் பெட்ரோல் அதிகம், இறங்கினால் குறைவு, லேசாக ஏறி உடனே பழைய வேகத்துக்குத் திரும்பினால் சரி. கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் அறுகோண நட்டை ஒரே ஒரு பட்டை, அதாவது ஆறில் ஒரு பங்கு சுற்று, திருப்பிவிட்டு மறுபடி தூக்கிப் பார்க்க வேண்டும். பொறுமை இருந்தால் அரை மணி நேரத்தில் எஞ்சினின் ஓசை உருண்டு திரண்டு ஒன்றாகிவிடும்.

சில மைல்கள் ஓட்டிவிட்டு வந்ததும், கம்பிச் சக்கரங்களாக இருந்தால் நடு நட்டுகளைத் தாமிரச் சுத்தியலால் ஒருமுறை தட்டிப் பாருங்கள். அநேகமாக இன்னும் சிறிது உள்ளே போகும்.