ஃபோர் எக்ஸ்: மூன்றாவது எக்ஸுக்கு என்ன தமிழ்?

மொரிஷியஸில் புயல் எச்சரிக்கை மூன்றாம் எண்ணுக்கு ஏறிவிட்டால் பள்ளியும் இல்லை, வேலையும் இல்லை. எல்லாரும் வீட்டுக்குள்தான். அப்படி ஒரு நாள், கத்ர் போர்னில் அக்கா வீட்டில் ஜன்னல்களை இழுத்துச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா மகன் கணினியில் ஸ்டெல்லாரிஸ் ஆடிக்கொண்டிருந்தான். விண்மீன்களுக்கு நடுவே ஒரு பேரரசைக் கட்டி ஆளும் விளையாட்டு அது, 2016இல் வந்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், "மாமா, இந்த மாதிரி ஆட்டத்துக்கு ஃபோர் எக்ஸ் என்று பேர். தமிழில் எப்படிச் சொல்வது?" என்று கேட்டான்.

வீட்டில் அவன் பேசுவது கிரியோல். பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழ் அவன் விரும்பி எடுத்துப் படிக்கும் பாடம். அவன் ஒரு தமிழ்ச் சொல் கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. தாளை எடுத்து நான்கு சொல்லையும் எழுதினோம்: எக்ஸ்ப்ளோர், எக்ஸ்பாண்ட், எக்ஸ்ப்ளாய்ட், எக்ஸ்டெர்மினேட். அகராதியைப் புரட்டி ஒவ்வொன்றுக்கும் நேரே தமிழ். மூன்றாவதற்குச் 'சுரண்டு' என்று இருந்தது. அவன் அப்படியே எழுதிக்கொண்டான். எனக்கு அது தொண்டையில் முள்ளாக நின்றது. ஒரு கோளில் சுரங்கம் வைத்துத் தாது எடுப்பதும், கரும்புத் தோட்டத்தில் என் கொள்ளுத்தாத்தாவுக்கு நடந்ததும் ஒரே சொல்லா?

முதலில் பெயர் பிறந்த கதை. 1993 செப்டம்பரில் 'கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட்' என்ற அமெரிக்க இதழில், அப்போது வெளிவரவிருந்த 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' விளையாட்டைப் பற்றி ஆலன் எம்ரிச் எழுதினார். நல்லதொரு பேரரசு விளையாட்டுக்கு வேண்டிய நான்கு செயல்களும் இதில் இருக்கின்றன என்றார். அந்த நான்கு சொல்லிலும் எக்ஸ் ஒலி வருவதால் நான்கு எக்ஸ் மதிப்பெண் போட்டார். ஒரு கட்டுரைக்காகச் செய்த சொல் விளையாட்டுதான். ஆனால் அது ஒரு வகைக்கே பெயராக நின்றுவிட்டது. 1991இல் வந்த 'சிவிலைசேஷன்' விளையாட்டையும் இன்று அதே பெயரால்தான் குறிக்கிறோம்.

நான்கும் லத்தீன் வழி வந்தவை. முன்னால் நிற்கும் 'எக்ஸ்' என்ற ஒட்டுக்கு 'வெளியே' என்று பொருள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எக்ஸ்ப்ளோர் என்பதன் மூலச் சொல் ரோமானியப் படையில் வேவு பார்ப்பதைக் குறித்தது. நம்மிடம் தேடல் இருக்கிறது, ஆய்தல் இருக்கிறது. எனக்குப் பிடித்தது 'துருவல்'. துருவித் துருவிக் கேட்டான் என்கிறோம் இல்லையா? இருட்டில் இருக்கும் விண்மீன் மண்டலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதற்கு அது நன்றாகப் பொருந்தும். ஆனால் தேங்காய்த் துருவல் உடனே நினைவுக்கு வந்துவிடும் என்பதால் 'தேடல்' என்றே வைக்கலாம். எக்ஸ்பாண்ட் என்றால் பரவுதல், விரிதல். அதில் சிக்கல் இல்லை. எக்ஸ்டெர்மினேட் கொஞ்சம் வியப்பான சொல். 'டெர்மினுஸ்' என்றால் எல்லைக்கல். எல்லைக்கு வெளியே துரத்துவதுதான் அதன் முதல் பொருள். நம் 'நாடு கடத்தல்' போல. கொன்று தீர்ப்பது என்ற பொருள் பிறகு வந்து சேர்ந்தது. தமிழில் ஒழித்தல், வேரறுத்தல், பூண்டோடு அழித்தல் என்று வேண்டிய அளவு இருக்கிறது.

சரி, எக்ஸ்ப்ளாய்ட்டுக்கு வருவோம்.

இதன் வேர் லத்தீன் 'எக்ஸ்ப்ளிகாரே'. மடித்து வைத்ததைப் பிரித்து விரிப்பது. அதிலிருந்து பழைய பிரெஞ்சில் 'விளைந்த பயன்', 'வெற்றி' என்ற பொருளில் ஒரு சொல் வந்தது. ஒரு வீரன் செய்து முடித்த அருஞ்செயலையும் அது குறித்தது. அந்தப் பொருள் இன்னும் சாகவில்லை. இங்கே பிரெஞ்சு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் 'எக்ஸ்ப்ளுவா' என்று தலைப்பு வந்தால் யாரோ பெரிய சாதனை செய்திருக்கிறார் என்று அர்த்தம். இதே சொல்லிலிருந்து வந்த 'எக்ஸ்ப்ளுவாத்தாசியோன்' சாதாரணமாக ஒரு பண்ணையைக் குறிக்கும். நிலத்தைப் பயிரிட்டு நடத்துபவரை 'எக்ஸ்ப்ளுவாத்தான்' என்றால் அது வசை இல்லை, தொழிலின் பெயர். சுரங்கம் தோண்டுவதற்கும் அதே சொல்தான்.

பிறகு 1820களின் இறுதியில் பிரான்சில் சேன்-சிமோன் வழியினர் என்ற சீர்திருத்தக் கூட்டத்தார், நிலத்துக்கும் சுரங்கத்துக்கும் சொல்லிவந்த இந்தச் சொல்லை மனிதனின் பக்கம் திருப்பினார்கள். மனிதன் மண்ணிலிருந்து பயன் எடுக்கலாம்; மனிதன் மனிதனிடமிருந்து அப்படி எடுக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். அங்கேதான் இந்தச் சொல்லுக்குக் கசப்பு ஏறியது. 1830களில் ஆங்கிலமும் அந்தப் பொருளை எடுத்துக்கொண்டது.

அந்த ஆண்டுகளை இந்தத் தீவிலிருந்து பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. 1834 நவம்பர் 2ஆம் தேதி 'அட்லஸ்' என்ற கப்பல் இந்தியக் கூலிகளோடு போர்ட் லூயிக்கு வந்தது. 1835 பிப்ரவரி 1ஆம் தேதி அடிமை முறை ஒழிந்தது. அடிமைகள் இருந்த இடத்துக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஏறக்குறைய 5 லட்சம் பேர். சென்னையிலிருந்து கப்பலேறிய நம் ஆட்களும் அதில் உண்டு. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தார்கள். அதற்கு 'இரட்டை வெட்டு' என்று பெயர். 1871இல் அடோல்ஃப் த ப்ளெவிட்ஸ் என்ற கரும்புத் தோட்ட நிர்வாகி இந்தக் கொடுமைகளை எடுத்துச் சொல்லிக் கொடுத்த மனுவில் 9,401 தொழிலாளர்கள் ஒப்பமிட்டிருந்தார்கள். கரும்பு வயல்களின் நடுவே இன்றும் கருங்கல் குவியல்கள் நிற்கின்றன. எரிமலைப் பாறை நிறைந்த நிலத்தைச் சீர்செய்யக் கையால் பொறுக்கி அடுக்கிய கற்கள் அவை. பயிரிட்டது நிலத்தில்தான். ஆனால் அந்த மூன்றாவது எக்ஸ் யார்மேல் விழுந்தது என்று அந்தக் கற்களைப் பார்த்தால் தெரியும்.

இப்போது 'சுரண்டு' என்ற சொல்லைப் பாருங்கள். அடிப்பிடித்த பானையைக் கரண்டியால் சுரண்டுகிறோம். சுவரில் காரையைச் சுரண்டுகிறோம். மிச்சம் மீதி இல்லாமல், பரப்பே தேய, நகத்தில் அழுக்கு ஏற எடுப்பது. மனிதன் மனிதனிடம் எடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இருக்காது என்றே நினைக்கிறேன். அதனால்தான் அதை ஒரு கோளின் தாதுவுக்கும் ஒரு விண்மீனின் ஆற்றலுக்கும் வீணாக்க எனக்கு மனமில்லை. ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நமக்கு அந்த நெருக்கடி கிடையாது. பண்ணை நடத்துவதை யாரும் தமிழில் சுரண்டல் என்று சொல்வதில்லை.

அப்படியானால் விளையாட்டில் நடப்பதற்கு என்ன சொல்? அதற்கு ஆட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அன்று அக்கா மகன் செய்தது இதுதான். கிடைத்த உலோகக் கலவையெல்லாம் போர்க்கப்பலாக்கினான். கப்பல் கட்டுவதோடு செலவு முடியாது. ஒவ்வொன்றும் மாதாமாதம் ஆற்றல் காசு தின்னும். விண்கப்பல் படைக்கு விதித்த அளவைத் தாண்டினால் அந்தச் செலவு இன்னும் ஏறும். கொஞ்ச நேரத்தில் மேலே உள்ள ஆற்றல் கணக்கு சிவப்பாகிவிட்டது. கையிருப்பு தீர்ந்ததும் பற்றாக்குறை என்று எச்சரிக்கை வந்து, பேரரசே தள்ளாடத் தொடங்கியது. ஒரு எதிரியும் சுடாமல் அவன் தோற்றுக்கொண்டிருந்தான்.

பழைய மாஸ்டர் ஆஃப் ஓரியனில் இது இன்னும் தெளிவு. ஒவ்வொரு கோளுக்கும் ஐந்து கோடுகள்: கப்பல், பாதுகாப்பு, தொழில், சூழல், தொழில்நுட்பம். கோளின் உற்பத்தியை இந்த ஐந்துக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒன்றை ஏற்றினால் மற்றது இறங்கும். ஆலை பெருகப் பெருகக் கழிவும் பெருகும். அதைச் சுத்தம் செய்யச் சூழல் கோட்டில் பணம் போடாவிட்டால் கோள் கெட்டு மக்கள்தொகை குறையும். பல மணி நேர ஆட்டத்தில் பெரும்பகுதி இந்த ஐந்து கோடுகளோடுதான் கழியும். கடைசி வெற்றிகூடப் போரில்தான் வர வேண்டும் என்பதில்லை. விண்மீன் பேரவையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைத்தால் போதும்.

பொருளாதாரத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள 'எக்கானமி' என்ற சொல் கிரேக்கத்தில் வீட்டு நிர்வாகம் என்ற பொருளில் பிறந்தது. நம் 'குடித்தனம்' அதற்கு மிக அருகில் வருகிறது. இந்த ஆட்டத்தில் கைதேர்ந்தவர்கள் செய்வதும் குடித்தனம்தான். ஆனால் நான்கு எக்ஸும் வெளியே பார்க்கின்றன: வெளியே தேடு, வெளியே பரவு, வெளியே எடு, வெளியே துரத்து. உள்ளே நடக்கும் குடித்தனத்துக்கு அந்தப் பெயரில் இடமே இல்லை.

தமிழில் அதற்கும் ஒரு நான்கு இருக்கிறது. திருக்குறளில் இறைமாட்சி அதிகாரம், 385ஆம் குறள்:

இயற்றலும் ஈட்டலுங் காத்தலும் காத்த
வகுத்தலும் வல்லது அரசு.

பொருள் வரும் வழிகளை மேன்மேலும் உண்டாக்குவது இயற்றல். அப்படி வந்ததை ஓரிடத்தில் சேர்ப்பது ஈட்டல். சேர்த்ததைக் காப்பது காத்தல். காத்ததைத் தேவைக்கேற்பப் பிரித்துக் கொடுப்பது வகுத்தல். சுரங்க நிலையம் கட்டுவது, தாது சேர்ப்பது, பராமரிப்பும் பாதுகாப்பும், அப்புறம் அந்த ஐந்து கோடுகள்! அக்கா மகனுக்கு இதைச் சொன்னபோது, நான் முடிப்பதற்கு முன்பே "வகுத்தலில்தான் மாமா நான் தப்புப் பண்ணினேன்" என்றான்.

இயற்றலுக்கு இந்தத் தீவே ஒரு பாடம். 1960களின் தொடக்கத்தில் மொரிஷியஸின் ஏற்றுமதி அநேகமாக முழுக்கச் சர்க்கரைதான். ஒரே பயிர், பெருகும் மக்கள்தொகை. இரண்டையும் பார்த்து, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் இந்தத் தீவின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலையோடு அறிக்கை எழுதினார். 1968இல் விடுதலை. 1970இல், ஏற்றுமதிக்கான ஆலைகளுக்குச் சலுகை தரும் ஏற்றுமதிப் பதப்படுத்தல் வலயச் சட்டம்; அதிலிருந்து துணி ஆலைகள், பிறகு சுற்றுலா, நிதித்துறை. 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரைக்குத் தந்த விலையைப் படிப்படியாக 36 விழுக்காடு குறைத்தபோது அடி பலமாகத்தான் விழுந்தது. ஆனால் நாடு கவிழவில்லை. ஒரு கோள் முழுவதையும் ஒரே விளைச்சலுக்கு மாற்றிவிட்டுச் சந்தை விலை இறங்கியதும் தவிப்பவர்களை ஸ்டெல்லாரிஸில் நிறையப் பார்க்கலாம்.

ஆகவே என் முடிவு இது. எக்ஸ்ப்ளாய்ட் என்று விளையாட்டில் சொல்வதற்கு 'ஈட்டல்'. ஆதாரத்தைக் கட்டி எழுப்பும் பகுதியைத் தனியே சொல்ல வேண்டுமானால் 'இயற்றல்'. சிலர் 'பயன்படுத்தல்' என்கிறார்கள். தவறில்லை, ஆனால் சோப்பையும் பயன்படுத்துகிறோம், சொல்லையும் பயன்படுத்துகிறோம். அதில் பொருள் சேரும் உணர்வு இல்லை. ஆட்டத்தின் நிரலில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடித்துக் குறுக்கே முன்னேறுவதையும் இளைஞர்கள் எக்ஸ்ப்ளாய்ட் என்கிறார்கள். அதற்கு 'ஓட்டை' என்பதே போதும்: "இந்த ஆட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது."

நான்கையும் சேர்த்தால்: தேடல், பரவல், ஈட்டல், ஒழித்தல். முன்னால் வந்த எக்ஸ் ஒலி போய்விட்டதே என்று வருந்த வேண்டாம். நான்கும் 'அல்' என்று முடிகின்றன. அடிகளின் கடைசியில் ஒலி ஒத்துவருவதை யாப்பில் இயைபு என்பார்கள். நம் தொழிற்பெயர் விகுதி அதைச் சும்மா தருகிறது. வகைக்குப் பெயராக 'நால்வினை விளையாட்டு' என்று வைக்கலாம். "நால்வினை விளையாட்டுகளில் எனக்கு ஈட்டல்தான் பிடிக்கும், ஒழித்தலுக்கு நான் போவதே இல்லை" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் இடறவில்லை.

மின்சாரம் போவதற்குச் சற்று முன்பு அவன் இன்னொரு பக்கத்தைத் திறந்து காட்டினான். ஸ்டெல்லாரிஸில் ஒரு பேரரசு தன் ஆட்சியில் உள்ள ஓர் இனத்தை அடிமையாக்கலாம். எந்த வகை அடிமைத்தனம் என்று தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் வரும். அதில் ஒரு வரியைத் தொட்டு, "இது வரலாற்றுப் பாடத்தில் வரும் சொல்தானே?" என்றான். குனிந்து பார்த்தேன். ஒப்பந்தக் கூலி முறை என்பதற்கான ஆங்கிலச் சொல், அடிமை வகைகளில் ஒன்றாக அங்கே இருந்தது. நவம்பர் 2ஆம் தேதி கூலிகள் வந்து இறங்கிய 'ஆப்பிரவாசி காட்' துறையின் கல்படிகளில் நாம் பூ வைப்பது யாருக்காகவோ, அவர்களின் சொல்.

அவன் தாளில் மூன்றாவது வரியில் 'சுரண்டல்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'ஈட்டல்' என்று எழுதினான். பிறகு தாளின் அடியில் ஒரு கோடு கிழித்து, அந்தப் பட்டியலில் இருந்த ஆங்கிலச் சொல்லை எழுதி, அதற்கு நேரே 'சுரண்டல்' என்று மறுபடி எழுதினான்.