சிறுவிடைக் கோழி முட்டை போடாமல் அடைக்கு உட்கார்ந்தால்

கால்நடை மருத்துவராக என்னிடம் வரும், சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வளர்ப்பவர்களின் முதல் குறை, "பத்துப் பதினைந்து முட்டை போட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடுகிறது, வேறு இனம் மாற்றலாமா?" என்பதுதான். மாற்றாதீர்கள் என்பதே என் பதில்.

ஒரு கிலோவுக்குச் சற்று மேலே எடை வரும் இந்தச் சின்னக் கோழி வருடத்துக்கு மூன்று நான்கு ஈடு (அடைக்கு உட்காரும் வரை தொடர்ந்து இடுவது ஒரு ஈடு) முட்டையிடும். பண்ணை லேயர் கோழி 300 முட்டை வரை இடும், உண்மைதான். ஆனால் அதற்கு மூட்டைத் தீவனம் வேண்டும். குஞ்சு பொரிக்க அதற்குத் தெரியாது. சிறுவிடை கொல்லையில் கரையானும் புழுவும் பொறுக்கி, நொய்யும் கம்பும் தின்றே முட்டை தரும். பருந்து நிழல் தெரிந்தால் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும்.

முட்டை இன்னும் அதிகமாக வேண்டுமா? மூன்று கோழிகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இட்டால், ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டைகளாகப் பார்த்து நல்ல அடைக்கோழி ஒன்றின் கீழ் பத்துப் பன்னிரண்டை வையுங்கள். ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிலந்தி போல் சிவப்பு நரம்பு ஓடினால் கரு பிடித்திருக்கிறது. வெறுமையாகத் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். மற்ற இரண்டு கோழிகளையும் காற்றோட்டமான கம்பிவலைக் கூண்டில், தீவனமும் தண்ணீரும் வைத்து, மூன்று நான்கு நாள் விட்டால் அடை தெளியும். அப்புறம் சில வாரங்களில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். மூக்கில் இறகைக் குத்துவது, தண்ணீரில் முக்குவது எல்லாம் வேண்டாம். பாவம், அது வீணான வதை.

சரி, உண்மையான நஷ்டம் எங்கே? வெள்ளைக்கழிச்சலில். ராணிக்கெட் என்று நாங்கள் சொல்லும் இந்த நோய் கோடையில் ஒரு வீட்டில் நுழைந்தால் தெருவே காலியாகும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், இறக்கை தொங்கும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். வந்த பிறகு என்னிடம் மருந்து இல்லை. செத்த கோழியைப் புதரில் வீசாமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள்.

தடுப்பு மருந்து உண்டு. ஏழாம் நாள் குஞ்சுக்குக் கண்ணில் ஒரு சொட்டு. எட்டு வாரம் ஆனதும் இறக்கையடியில் ஊசி. அதற்கு முன் அந்த ஊசியைப் போடக்கூடாது. கோடைக்கு முன்னால் அரசு நடத்தும் முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். மருந்தைக் கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், அதுவரை ஐஸில் இருக்க வேண்டும். ஒரு குப்பியில் நூறு கோழிக்கான மருந்து இருக்கும். ஆகவே நாலு கோழி வைத்திருப்பவர் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிக்கொண்டு, விடிவதற்குள் பஞ்சாரத்தைத் திறந்துவிடாமல் கோழிகளோடு வந்துவிடுங்கள்.