மாவட்ட நீதிபதி உயர் நீதிமன்றம் போக: தகுதி இருந்தும் பெயர் போகாமல் நிற்பது எங்கே?

உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்கு விண்ணப்பம் கிடையாது, தேர்வு கிடையாது. உயர் நீதிமன்றத்திலிருந்து உங்கள் பெயரைப் பரிந்துரைத்து அனுப்ப வேண்டும். பெயர் போகவில்லை என்றால் அதைச் சொல்லும் கடிதமும் வராது. கீழ்நிலை நீதிபதியான முன்சீப்பாகச் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றலாகி, மாவட்ட நீதிபதியாக உயர்ந்தவர்கள், தங்களுக்குப் பின்னால் வந்தவரின் பெயரைச் செய்தியில் பார்த்துத்தான் தங்கள் பெயர் விடுபட்டதைத் தெரிந்துகொள்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கோப்பைத் தேடத் தொடங்குகிறார்கள். அதற்குள் ஓய்வு வயது நெருங்கிவிடுகிறது. இதை ஐந்தாறு வருஷம் முன்னாலேயே படிக்க வேண்டியவர்களுக்காக எழுதுகிறேன்.

சட்டம் கேட்பது மிகக் குறைவு. அரசமைப்புச் சட்டத்தின் 217(2) பிரிவுப்படி இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். பத்து ஆண்டு நீதித்துறைப் பதவி வகித்திருக்க வேண்டும், அல்லது பத்து ஆண்டு உயர் நீதிமன்ற வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். நீதித்துறையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, வழக்கறிஞர்களிலிருந்து மீதி என்பது நடைமுறையே தவிர அரசமைப்புச் சட்டத்தில் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் 75 இடங்களில் அந்தப் பங்கு 25.

'நீதித்துறைப் பதவி' என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. 1992-இல் கௌஹாத்தி உயர் நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட ஒருவரின் நியமனத்தைக் குமார் பத்ம பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட பிறகு, பதவியேற்பதற்கு முன்பு இது நடந்தது. அவர் மிசோரம் சட்டத் துறையில் அதிகாரியாக இருந்தவர். நீதிமன்றப் பணியில் இருந்தவர் அல்ல. இந்தத் தீர்ப்பைக் காட்டி, இடையில் அரசின் சட்டத் துறைக்கு டெபுடேஷனில், அதாவது அயல்பணியில், போன நீதிபதிகளையும் சிலர் பயமுறுத்துவது உண்டு. பயப்பட வேண்டியதில்லை. நீதிபதியாகச் சேர்ந்த பிறகு சட்ட அறிவு தேவைப்படும் அரசுப் பதவியில் இருந்த காலமும் கணக்கில் சேரும் என்று அதே பிரிவின் விளக்கத்தில் இருக்கிறது. டெபுடேஷன் உத்தரவின் நகலை மட்டும் கையில் வைத்திருங்கள்.

அடுத்தது வயது. நீதித்துறையிலிருந்து வருபவருக்கு உச்ச வரம்பு 58 வயது 6 மாதம். இதைப் பெயர் அனுப்பும் தேதியில் பார்ப்பதில்லை, காலியிடம் விழுந்த தேதியில் பார்க்கிறார்கள். காலியிடம் விழுவதற்கு ஆறு மாதம் முன்பே உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பெயர்களை அனுப்ப வேண்டும் என்று நியமன நடைமுறைக் குறிப்பு சொல்கிறது. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அந்தத் தாமதத்தின் சுமையை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்? "உங்களுக்கு 59 ஆகிவிட்டதே சார்" என்று யாராவது சொன்னால் சரி என்று திரும்பிவிடாதீர்கள். நீதித்துறைப் பங்கில் எந்த இடம் எந்தத் தேதியில் காலியானது என்று எடுத்துப் பாருங்கள். அன்றைக்கு உங்கள் வயது என்ன என்பதுதான் கேள்வி.

எனக்குத் தெரிந்து அதிகம் பேரைக் கவிழ்த்தது ஏ.சி.ஆர். எனும் ஆண்டு ரகசிய அறிக்கை. மோசமாக எழுதினால்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். 'நன்று' என்று ஒரு வருஷம் எழுதியிருந்தாலே போதும். பக்கத்தில் இருப்பவருக்கு 'மிக நன்று' என்று இருந்தால் உங்கள் பெயர் கீழே போகும். எந்த வருஷம் என்ன எழுதினார்கள் என்பதே தெரியாமல் பலர் பணியை முடிக்கிறார்கள். 2008-இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவானது: நல்லதோ கெட்டதோ, எல்லாப் பதிவையும் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும், நீதித்துறைப் பணியும் இதில் அடங்கும். 2013-இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை உறுதி செய்தது. இருந்தும் நகல் கேட்டால், "அது ரகசியம் சார், கொடுக்கிற வழக்கம் இல்லை" என்ற பதில்தான் வருகிறது. வாயால் கேட்காதீர்கள். உயர் நீதிமன்ற நிர்வாகத்தைப் பார்க்கும் ரெஜிஸ்ட்ரார் ஜெனரலுக்கு முறைப்படி எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்குங்கள். ஒவ்வொரு வருஷமும் கேளுங்கள். பதிவு சரியில்லை என்றால் உடனே மேல்முறையீட்டு மனு கொடுங்கள். பத்து வருஷத்துப் பதிவை ஐம்பத்தெட்டாவது வயதில் திருத்தக் கேட்டால் யாரும் காதுகொடுத்துக் கேட்கமாட்டார்கள்.

பதவி உயர்வு நேரத்தில் பெயரில்லாப் புகார் வருவது இன்னொரு கொடுமை. ஜாமீன் மறுக்கப்பட்டவரோ வழக்கில் தோற்றவரோ ஒரு மொட்டைக் கடிதம் போட்டால், நீதிபதிகள் மீதான புகாரைப் பார்க்கும் விஜிலன்ஸ் பிரிவில் ஒரு எண் விழுந்துவிடும். விசாரணையும் நடக்காது, புகாரும் முடித்துவைக்கப்படாது. பரிந்துரை நேரத்தில் 'புகார் நிலுவை' என்ற வரி மட்டும் மேலே போகும். பிரமாணப் பத்திரமும் சரிபார்க்கக்கூடிய ஆதாரமும் இல்லாத புகாரைக் கீழமை நீதிபதிகள் மீது எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2014-லேயே இந்தியத் தலைமை நீதிபதி வழிகாட்டியிருக்கிறார். உங்கள் மீது ஏதாவது நிலுவையில் உள்ளதா என்று எழுதிக் கேளுங்கள். முடிந்துபோன புகார் என்றால் முடித்த உத்தரவின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடித்த உத்தரவு கோப்பில் சேராமல் போவது சாதாரணமாக நடக்கிறது.

பணிமூப்புப் பட்டியலையும் சும்மா விடாதீர்கள். தற்காலிகப் பட்டியல் வெளிவரும்போது ஆட்சேபனைக்குக் கொடுக்கும் நாட்கள் குறைவு. விசாரணை நெருக்கடியில் அதைப் படிக்காமல் விட்டவர்கள், வழக்கறிஞராக இருந்து நேரடியாக மாவட்ட நீதிபதியான நேரடி நியமனக்காரர் தங்களுக்கு மேலே போனதைப் பின்னால் பார்த்து நொந்திருக்கிறார்கள். இறுதிப் பட்டியல் வந்து வருஷங்கள் ஓடிய பிறகு நீதிமன்றமும் கைவிரிக்கும்.

பெயர் போய்விட்டாலும் நிம்மதி இல்லை. உயர் நீதிமன்றக் கொலீஜியம் (தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகளும் அடங்கிய குழு), மாநில அரசு, உளவுத்துறை, சட்ட அமைச்சகம், உச்ச நீதிமன்றக் கொலீஜியம் என்று வரிசையாக மேசைகள். 2021-இல் உச்ச நீதிமன்றம் உளவுத்துறைக்கு 4 முதல் 6 வாரம், கொலீஜியம் இரண்டாம் முறை வலியுறுத்திய பெயருக்கு 3 முதல் 4 வாரம் என்று கெடு வைத்தது. சென்னை வழக்கறிஞர் ஆர். ஜான் சத்யன் பெயரை 2022 பிப்ரவரியில் பரிந்துரைத்து, 2023 ஜனவரியில் கொலீஜியம் மீண்டும் வலியுறுத்தியது. கெடு முடிந்தும் அரசு நியமிக்கவில்லை. வழக்கறிஞருக்கே இப்படி என்றால், 60-இல் ஓய்வுபெறும் மாவட்ட நீதிபதிக்கு ஒவ்வொரு மாதமும் இழப்புதான்.

வழக்குப் போடலாமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 'என்னைவிடத் தகுதி குறைந்தவரை எடுத்தார்கள்' என்று மனு போட்டால் முதல் நாளே தள்ளுபடியாகும். சட்டத் தகுதி இருக்கிறதா என்பதை நீதிமன்றம் பார்க்கும், யார் பொருத்தமானவர் என்பதைப் பார்க்காது என்று 2009-இல் மகேஷ் சந்திர குப்தா வழக்கில் சொல்லிவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்ற நியமனம் ஒன்றை எதிர்த்து 2023 பிப்ரவரியில் வந்த மனுக்களுக்கும் இதே பதில்தான் கிடைத்தது.

ஆனால் நடைமுறை மீறப்பட்டால் கதவு திறக்கும். இமாச்சலில் மூத்த மாவட்ட நீதிபதிகள் இருவரின் பெயரை மறுபரிசீலனை செய்யும்படி உச்ச நீதிமன்றக் கொலீஜியம் 2024 ஜனவரியில் கேட்டிருந்தது. அதை இமாச்சல் உயர் நீதிமன்றக் கொலீஜியம் கூடி முடிவு செய்யாமல் அங்குள்ள தலைமை நீதிபதி மட்டுமே முடிவு செய்தார். அந்த இருவரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2024 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பு: மறுபரிசீலனை கூட்டாகத்தான் நடக்க வேண்டும், ஒருவர் தனியாக முடிவெடுக்க முடியாது, இரண்டு பெயரையும் மீண்டும் பாருங்கள். அவர்கள் மனுவில் 'நாங்கள் சிறந்தவர்கள்' என்று வாதாடவில்லை, 'முறைப்படி கலந்தாலோசிக்கவில்லை' என்றார்கள். உங்கள் வழக்கறிஞர் மனுவை எழுதித் தரும்போது இந்த ஒரு வித்தியாசத்தை முதல் பக்கத்திலேயே தேடிப் பாருங்கள். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்து மாற்றி எழுதச் சொல்லுங்கள்.