முன் பிரேக்மேல் பழி போடாதீர்கள்

பச்சை டிரெயிலில், அதாவது புதியவர்களுக்கான எளிய மலைப்பாதையில், மறுபடியும் ஒரு காரை எலும்பு முறிவு. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டால் அதே பதில்தான்: "முன் பிரேக்கைப் பிடிச்சேன், தூக்கி வீசிடுச்சு." மலைச் சைக்கிள் ஓட்டக் கற்றுத்தருபவர்கள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டோம். சலிப்பைவிட வருத்தம் அதிகம். விழுந்தவர் அடுத்த முறை வரும்போது முன் பிரேக்கைத் தொடவே மாட்டார். பின் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவார். அடுத்த முறை விழுவதற்கு அதுவே காரணமாகும்.

"முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவாய்" என்பது சைக்கிள் பழகிய நாளிலேயே காதில் விழுந்த எச்சரிக்கை. அதனால்தான் மனசை விட்டுப் போக மறுக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பிரேக் பிடித்ததும் எடை முன்பக்கம் சாய்கிறது. முன் டயர் மண்ணில் அழுந்துகிறது, அதன் பிடிமானம் கூடுகிறது. அதே நேரத்தில் பின் சக்கரம் லேசாகிறது. இறக்கத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். லேசான சக்கரத்தில் எவ்வளவு அழுத்திப் பிரேக் பிடித்தாலும் அது பூட்டிக்கொண்டு சறுக்குமே தவிர, வண்டியை நிறுத்தாது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. அதைத் தொடாமல் காட்டுப் பாதையில் இறங்குபவரிடம் நிறுத்தும் சக்தியில் சின்ன பாகம்தான் கையில் இருக்கிறது.

அப்படியானால் ஏன் கவிழ்கிறார்கள்? பெரும்பாலும் மூன்று தவறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். சீட் ஏற்றத்துக்கு வைத்த உயரத்திலேயே இருக்கும், அதனால் இடுப்பைத் தாழ்த்தவோ பின்னுக்குக் கொண்டுபோகவோ இடம் இருக்காது. குதிகால் தூக்கியிருக்கும், கால்கள் எதையும் தாங்காமல் உடம்பின் பாரம் கையில் கிடக்கும். மூன்றாவது, பயத்தில் லீவரை வெடுக்கென்று இழுப்பது. வண்டி நின்றுவிடுகிறது, உடம்பு நிற்பதில்லை, ஹேண்டில்பாரைத் தாண்டிப் போகிறது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது வளைவுக்குள் முன் பிரேக்கை இறுக்குவது தனிக் கணக்கு. அங்கே கவிழ்வதைவிட, முன் சக்கரம் வழுக்கிப் பக்கவாட்டில் விழுவதுதான் அதிகம். தோளும் காரை எலும்பும் அடிவாங்குவது அப்படித்தான்.

இதைப் பழகித் தெளிய ஒரு சமதளமான மண் மைதானமோ புல்வெளியோ போதும். சீட்டை முழுக்க இறக்குங்கள். பெடல்கள் இரண்டையும் கிடைமட்டமாக வைத்து எழுந்து நில்லுங்கள். முழங்கையும் முழங்காலும் மடங்கியிருக்கட்டும், பார்வை தரையில் வேண்டாம். நடக்கும் வேகத்தில் போய், முன் பிரேக்கை மட்டும் ஒரே விரலால் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். கூட்டும்போதே குதிகாலைத் தாழ்த்தி, இடுப்பைச் சற்றுப் பின்னே, கீழே இறக்குங்கள். உடம்பின் வேகத்தைப் பாதம் வாங்கிக்கொள்ள வேண்டும், உள்ளங்கை அல்ல. பத்துத் தடவை தடுமாறாமல் நின்ற பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். அதன்பின் பின் பிரேக்கையும் சேர்த்து, ஒரு கோட்டைக் குறித்து அதில் நிற்கப் பழகுங்கள். கடைசியாக அதையே லேசான சரிவில் செய்யுங்கள். இதற்கு அரை மணி நேரம் போதும். இந்த அரை மணி நேரத்தை ஒதுக்க மனமில்லாதவர்கள்தான் சைக்கிளோடு மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டின் டிக்கெட்டுக்கு முதல் ஆளாக வரிசையில் நிற்கிறார்கள்.

வாடகை வண்டி எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது எந்தக் கை எந்தப் பிரேக் என்பதை. பிரிட்டனில் வலக்கை முன் பிரேக், அமெரிக்காவில் இடக்கை. உலகம் முழுக்க ஒரே வழக்கம் இல்லை. நின்றபடி ஒவ்வொரு லீவராகப் பிடித்து வண்டியைத் தள்ளிப் பாருங்கள், பத்து விநாடியில் தெரிந்துவிடும். அடுத்தது லீவர் இருக்கும் இடம். ஆள்காட்டி விரல் லீவரின் நுனி வளைவில் உட்கார வேண்டும், மற்ற விரல்கள் பிடியிலேயே இருக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் லீவர் பிடியை ஒட்டி வைக்கப்பட்டிருக்கும். ஆலன் கீயால் கிளாம்பைத் தளர்த்தி உட்பக்கம் தள்ளுங்கள். திரும்ப இறுக்கும்போது முழு பலத்தையும் காட்டாதீர்கள். விழும்போது லீவர் உடையாமல் சுழன்று கொடுக்கும் அளவுக்கு இறுக்கினால் போதும்.

அடுத்து பேட், அதாவது சக்கரத்தோடு சுழலும் ரோட்டர் என்ற உலோகத் தட்டை இருபுறமும் கவ்வி நிறுத்தும் பிரேக் கட்டை. அதைக் கழற்றிப் பாருங்கள். ஷிமானோ நிறுவனத்தின் பேடில் உராயும் பகுதி 0.5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். புதுப் பேட் போட்ட அன்றே செங்குத்தான டிரெயிலுக்குப் போகாதீர்கள். மிதமான வேகத்திலிருந்து, சக்கரம் பூட்டாமல், இருபது தடவையாவது வேகத்தை அழுத்திக் குறைத்த பிறகுதான் பேடும் ரோட்டரும் ஒன்றுக்கொன்று பழகும். செயினுக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கும்போது ரோட்டரில் தெறித்தால் பிரேக் பாதியாகிவிடும். ரோட்டரை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். எண்ணெய் ஊறிய பேடுக்கு வைத்தியம் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

டயர் காற்றும் இதோடு சேர்ந்ததுதான். சாலைப் பழக்கத்தில் 45, 50 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு வருகிறார்கள். அந்த இறுக்கத்தில் டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். தரையைத் தொடாத டயருக்கு எந்தப் பிரேக்கும் உதவாது. டியூப்லெஸ், 2.4 அங்குல டயர், 70 கிலோ எடையுள்ள ஆள் என்றால் முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐயில் தொடங்கிப் பாருங்கள். டியூப் இருந்தால் மூன்று நான்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது டிரெயில் நிறம். நிறம் உங்கள் அனுபவத்துக்குத் தரும் பட்டம் அல்ல. பத்து வருஷம் சாலையில் ஓட்டியிருப்பதால் கறுப்பு டிரெயில் எனக்குச் சரிப்படும் என்று வாதாடுபவர்களிடம் நாங்கள் தோற்றுக்கொண்டே இருக்கிறோம். சர்வதேச மலைச் சைக்கிள் சங்கமான இம்பாவின் வகைப்பாடு தொழில்நுட்பச் சிரமத்தை மட்டுமே அளக்கிறது, உடல் உழைப்பை அல்ல. பச்சை வட்டம் என்றால் பாதை அகலம் 36 அங்குலமோ அதற்கு மேலோ, சராசரிச் சரிவு 5 சதவீதத்துக்குள், தவிர்க்க முடியாத தடைகள் 2 அங்குல உயரத்துக்குள். நீலச் சதுரத்தில் தடை 8 அங்குலம் வரை போகலாம். கறுப்பு வைரத்தில் பாதை 12 அங்குலத்துக்குக் குறுகலாம், தடை 15 அங்குலம் வரை உயரலாம். ஆனால் பிரிட்டனில் நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவே சிவப்பு ஒன்று உண்டு. அதனால் ஓரிடத்து நீலம் இன்னோரிடத்து நீலமாக இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். புது இடத்தில் உங்களுக்குப் பழக்கமான நிறத்துக்கு ஒரு படி கீழிருந்தே தொடங்குங்கள். நல்ல சைக்கிள் பார்க்குகளில் கடினமான டிரெயிலின் வாசலிலேயே, உள்ளே இருப்பதற்கு மாதிரியாக ஒரு சரிவையோ பாறைப் படியையோ வைத்திருப்பார்கள். அதற்கு ஃபில்டர் என்று பெயர். அங்கே காலை ஊன்றினீர்கள் என்றால் திரும்பிப் போங்கள். பக்கவாட்டில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைபவர்களைத்தான் பிறகு ஸ்ட்ரெச்சரில் தூக்கிவர வேண்டியிருக்கிறது.

டிரெயிலில் பிரேக் பிடிக்க இடம் பாருங்கள். வளைவுக்கு முன்பு, வண்டி நேராக இருக்கும்போது வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விரலைத் தளர்த்துங்கள். ஈரமான வேர் குறுக்கே கிடந்தால் அதற்கு முன்பே பிடித்து முடித்து, வேரின் மேல் இரண்டு பிரேக்கையும் விட்டு நேராகக் கடந்துவிடுங்கள். பின் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே அரை மலையும் இறங்கினால் ரோட்டர் கொதிக்கும், லீவர் ஹேண்டில்வரை வந்துவிடும், கை மரத்துப்போகும். விட்டு விட்டு அழுத்திப் பிடியுங்கள். பிரேக்கிலிருந்து கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், ரோட்டரை விரலால் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம். வளைவுக்கு முன்னால் வரிசையாகக் கிடக்கும் அந்தக் குண்டுகுழிகள் மழையால் மட்டும் வந்தவை அல்ல. பூட்டிய பின் சக்கரங்கள் தோண்டியவை. தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு வந்து நிரவ, அடுத்த வாரமே மறுபடி தோண்டுகிறோம். தயவுசெய்து சறுக்காதீர்கள். டயரில் சேறு அப்பும் நாளில் மண்பாதைக்கு வராதீர்கள்.

நிற்க வேண்டுமானால் பாதையை விட்டு வெளியே வந்து நில்லுங்கள். குதிமேட்டின் இறங்குமிடத்தில் நின்று போட்டோ எடுப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மேலிருந்து வருபவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். எந்த டிரெயிலிலும் முதல் சுற்று மெதுவாக, குதிக்காமல், பார்த்து வைப்பதற்கு மட்டும். விரல் லீவரைச் சரியாக உணராத அளவுக்குக் கை சோர்ந்துவிட்டால் அன்றைக்குப் போதும்.

விழுந்துவிட்டால் ஒரு வேண்டுகோள். கட்டைவிரல் அடியில் உள்ள குழியை அழுத்தினால் வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால் மணிக்கட்டில் உள்ள ஸ்காஃபாய்டு என்ற சிறிய எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் திரும்பப் போங்கள், வெறும் சுளுக்கு என்று கட்டுப்போட்டு விட்டுவிடாதீர்கள். தலையில் அடிபட்டு, ஒரு நொடி கலங்கியதுபோல் இருந்தாலும் அன்று மீண்டும் சைக்கிளில் ஏறாதீர்கள். உடன் வந்தவர்கள் அவரைத் தனியே விட்டுப் போகவும் வேண்டாம். பலமாக அடிவாங்கிய ஹெல்மெட் வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம், உள்ளே நுரை நசுங்கியிருக்கும். அதை அடுத்த சவாரிக்கு எடுத்துவராதீர்கள், தம்பிக்கும் கொடுக்காதீர்கள்.