சிஸ்டம் கோப்பு அசலா, வேடமிட்டதா: சோதிப்பது எப்படி?

2002-ஆம் ஆண்டில் ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் கைமாறியது. கரடிப் பொம்மையின் படத்தைச் சின்னமாகக் கொண்ட ஜேடிபிஜிஎம்ஜிஆர் என்ற கோப்பு உங்கள் கணினியில் இருந்தால் அது வைரஸ், உடனே அழித்துவிடுங்கள் என்றது அந்த மின்னஞ்சல். தேடிப் பார்த்த பலருக்கும் கோப்பு அகப்பட்டது, கரடியும் இருந்தது, அழித்துவிட்டார்கள். உண்மையில் அது ஜாவா நிரல்களில் பிழை தேடும் வேலைக்காக மைக்ரோசாஃப்டே விண்டோஸுடன் சேர்த்து அளித்த கோப்பு. எட்டாண்டுகள் கழித்து, 2010 ஏப்ரல் 21 அன்று, இதே தவறை ஒரு மென்பொருள் செய்தது. மெக்காஃபி வைரஸ் எதிர்ப்பு மென்பொருளுக்கு வந்த புதுப்பிப்பு ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் எஸ்விசிஹோஸ்ட் என்னும் அசல் கோப்பைத் தீநிரல் எனக் கணித்து முடக்கியதால், எண்ணற்ற கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. தீநிரலை விட்டுவைப்பது எவ்வளவு ஆபத்தோ, நல்ல கோப்பைச் சந்தேகத்தில் அழிப்பதும் ஏறக்குறைய அவ்வளவு ஆபத்து.

இந்த எஸ்விசிஹோஸ்ட்தான் மக்கள் அதிகம் சந்தேகப்படும் கோப்பு. விண்டோஸின் பின்னணிச் சேவைகள் பல, தாமாக இயங்க முடியாத டிஎல்எல் கோப்புகளாக இருக்கின்றன. அவற்றைத் தன்னுள் ஏற்றி இயக்குவதே எஸ்விசிஹோஸ்ட்டின் வேலை. 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு ஒன்றிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனி எஸ்விசிஹோஸ்ட் ஒதுக்கப்படுகிறது. எனவே டாஸ்க் மேனேஜரில் அந்தப் பெயர் பல பத்து முறை தெரிவது நோயின் அறிகுறி அன்று. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் இன்னொன்று நுழைந்தால் யார் கண்ணிலும் படாது என்பதால்தான் தீநிரல் எழுதுவோர் அப்பெயரை விரும்புகிறார்கள். சிலர் வி, சி எழுத்துகளை இடம் மாற்றி வைப்பார்கள். உள்நுழைவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் எல்எஸ்ஏஎஸ்எஸ் என்னும் விண்டோஸ் கோப்பின் பெயரில் முதலில் வரும் சிறிய எல் எழுத்துக்குப் பதிலாகப் பெரிய ஐ எழுத்தை இடுபவர்களும் உண்டு, பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

எழுத்துப்பிழை இல்லாத பெயரும் எதையும் நிறுவுவதில்லை, ஏனெனில் ஒரு கோப்புறைக்குள் மட்டுமே கோப்பின் பெயர் தனித்தன்மை உடையது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கோப்பு எங்கிருந்து இயங்குகிறது என்பதை. எஸ்விசிஹோஸ்ட், விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள சிஸ்டம்32-இலிருந்து இயங்க வேண்டும். 64-பிட் கணினியில் அதன் 32-பிட் வடிவம் சிஸ்வாவ்64-இல் இருக்கும். தற்காலிகக் கோப்புறையிலிருந்தோ பதிவிறக்கக் கோப்புறையிலிருந்தோ அது இயங்கினால் ஏறத்தாழ ஐயமே வேண்டாம். அடுத்ததாக, அதைத் தொடங்கிவைத்தது எது என்று பார்க்கலாம்: அசல் எஸ்விசிஹோஸ்ட்டைச் சர்வீசஸ் என்னும் நிரல் தொடங்கிவைக்கும், எல்எஸ்ஏஎஸ்எஸ்ஸை வின்இனிட் தொடங்கிவைக்கும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் இந்தத் தாய்-சேய் உறவை மரம்போல் வரைந்து காட்டுகிறது.

நிர்வாகி உரிமையைக் கைப்பற்றிய தீநிரல், சிஸ்டம்32-க்குள்ளேயே ஒரு புதிய கோப்பை வைத்துவிட முடியும். அந்நிலையில் இடம் சாட்சி சொல்லாது. டிஜிட்டல் கையொப்பத்தைத்தான் கேட்க வேண்டும். கோப்பின் பைட்டுகளைக் கணக்கிட்டு எடுக்கும் ஹாஷ் என்னும் சுருக்க எண்ணைத் தயாரிப்பாளர் தம் தனிச் சாவியால் கையொப்பமிடுகிறார். அதற்கு இணையான பொதுச் சாவியைக் கொண்டு நம் கணினி அதைச் சரிபார்க்கிறது. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் அடியோடு மாறிவிடுவதால் கையொப்பம் பொருந்தாது.

இங்கே பலர் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள். கோப்பின் பண்புகள் சாளரத்தில் டிஜிட்டல் கையொப்பங்களுக்கான தாவல் இல்லாததைக் கண்டு, கையொப்பம் இல்லாத போலி என்று தீர்மானித்துவிடுகிறார்கள். விண்டோஸின் சொந்தக் கோப்புகள் பலவற்றில் கையொப்பம் கோப்புக்குள்ளேயே இருப்பதில்லை. ஏராளமான கோப்புகளின் ஹாஷ்களைக் கேட்டலாக் என்னும் தனிக் கோப்பில் தொகுத்து, அந்தத் தொகுப்புக்கே மைக்ரோசாஃப்ட் கையொப்பமிடுகிறது. பண்புகள் சாளரம் அதைத் தேடிப் பார்ப்பதில்லை. சிக்செக் என்னும் சிறு கருவி தேடிப் பார்க்கும். எனக்குத் தெரிந்தவரை, வீண் பீதிகளில் பெரும்பகுதி இந்த ஒரு விவரத்தாலேயே நீங்கிவிடும்.

கையொப்பம் வலிமையான சாட்சி, ஆனால் முழுமையான சாட்சி அன்று. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல், ரியல்டெக், ஜேமைக்ரான் ஆகிய இரு நிறுவனங்களின் பெயரில் இருந்த உண்மையான சான்றிதழ்களால் (கையொப்பச் சாவி இன்னாருடையது என்று உறுதிகூறுபவை) தன் டிரைவர்களுக்குக் கையொப்பமிட்டிருந்தது. 2012-இல் கண்டறியப்பட்ட ஃபிளேம் என்னும் தீநிரல், இருவேறு தரவுகளுக்கு ஒரே ஹாஷ் வரச் செய்ய முடியும் என்னும், எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறையின் பலவீனத்தைப் பயன்படுத்தி, மைக்ரோசாஃப்ட் அளித்ததுபோன்ற சான்றிதழையே உருவாக்கிக்கொண்டது. அதனால்தான் இன்று ஒப்பீட்டுக்கு எஸ்எச்ஏ-256 என்னும் ஹாஷ் முறை பயன்படுகிறது. அதன் விடை 64 பதினாறடிமான இலக்கங்கள் (0 முதல் 9 வரையும் a முதல் f வரையும் உள்ள குறிகள்) கொண்டது.

அந்த இலக்கங்களை வைரஸ்டோட்டல் தளத்தில் தேடினால், பல பத்து எதிர்ப்பு மென்பொருள்கள் அதே கோப்பைப் பற்றி முன்னரே சொன்ன முடிவு கிடைக்கும். கோப்பை அப்படியே பதிவேற்றுவதைவிட ஹாஷை மட்டும் தேடுவது நல்லது, ஏனெனில் பதிவேற்றிய கோப்பு ஆய்வாளர்கள் பலரின் கைக்குப் போகக்கூடும். செல்லுபடியாகும் கையொப்பம் இருக்க, ஒன்றிரண்டு மென்பொருள்கள் மட்டும் எச்சரித்தால் அது பெரும்பாலும் தவறான எச்சரிக்கையே.

வட்டில் உள்ள கோப்பு குற்றமற்றதாகவே இருந்து, ஆபத்து வேறிடத்தில் இருப்பதும் உண்டு. அசல் எஸ்விசிஹோஸ்ட்டைத் தொடங்கி, அது ஓடுவதற்கு முன்பே நினைவகத்தில் உள்ள அதன் குறிமுறையை அகற்றிவிட்டுத் தன்னுடையதை நிரப்பும் உத்தியைச் சில தீநிரல்கள் கையாளுகின்றன. பெயர், இடம், கையொப்பம், ஹாஷ் எல்லாம் சரியாகவே இருக்கும். அறிமுகமில்லாத முகவரிகளுடன் அது கொள்ளும் இணையத் தொடர்பும், சர்வீசஸ் அல்லாத வேறொரு தாய் நிரலும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். இன்னும் ஆழமாக வேரூன்றித் தன்னை மறைத்துக்கொள்ளும் ரூட்கிட் என்னும் வகைத் தீநிரல், கோப்பைப் படிக்கக் கேட்கும் கருவிக்கே பொய்யான உள்ளடக்கத்தைத் தர வல்லது. அத்தகைய ஐயம் எழுந்தால், பாதிக்கப்பட்ட விண்டோஸை இயக்காமல், வேறொரு தூய கணினியில் உருவாக்கிய மீட்பு யூஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடங்கி, அங்கிருந்து அந்த வட்டைச் சோதிக்க வேண்டும்.